பகல் கதையும் லாரி மாமாவும்

என் மகளுக்கு எழுத்துக்கூட்டவே தெரியவில்லை என்று அவளுடைய மூன்றாம் வகுப்பு டீச்சர் போனில் சொன்னபோது, நான் சண்டைக்குத் தயாராகிவிட்டேன். வீட்டில் பொழுது இறங்கினால் போதும். அரக்கன், ஏழு கடல் தாண்டிய கிளி, சுரைக்காய்க்குள் ஒளிந்த இளவரசி என்று கிடைத்ததையெல்லாம் மூச்சுவிடாமல் படிப்பவள் அவள். பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கதைப் புத்தக நேரம். அங்கே வாயையே திறப்பதில்லையாம். இப்படியே போனால் படிக்கத் தெரியாத பிள்ளைகளோடு உட்காரவைத்து மறுபடி 'அ'னாவிலிருந்து தொடங்கப் போவதாகச் சொன்னார் டீச்சர்.

சாயங்காலம் மகளைக் குடைந்தேன். அழுதுகொண்டே சொன்னாள்:

"பகல்ல கதை படிச்சா மாமா தடம் தப்பிப் போயிருவாராம். பக்கத்து வூட்டு அத்த சொன்னாங்க."

பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள்; இது அவர்கள் பக்கத்து நம்பிக்கை. பகலில் கதை பேசி உட்கார்ந்தால் காடு கழனி வேலை கெடும் என்று எந்தக் காலத்திலோ யாரோ கட்டிவிட்டிருப்பார்கள். அது கடைசியில் மாமன் தலையில் விடிந்திருக்கிறது. கடையில் உட்கார்ந்திருக்கும் மாமன் என்றால் இவளும் பயந்திருக்க மாட்டாள். இவள் மாமன், அதாவது என் தம்பி, பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க லாரி ஓட்டுகிறவன். தொப்பூர் இறக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் லாரிகளை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள் இவள்.

"அதெல்லாம் சும்மாடி" என்றேன். செல்போனில் மேப் திறந்து, மாமா எப்படி வழி கண்டுபிடிப்பார் என்று பாடமே நடத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் தம்பிக்கே போன் போட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, "அந்தப் பீரியடு எத்தன மணிக்குக்கா?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் டீச்சரிடம் கெஞ்சிக் கூத்தாடி வகுப்பு வாசலில் போனோடு நின்றேன். தம்பி கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"கண்ணு, வண்டிய ஓரங்கட்டிட்டேன். சாவி சட்டப் பாக்கெட்டுல இருக்குது. டீக்கடையில உக்காந்திருக்கேன். நீ படி."

படித்தாள். அரக்கனுக்கு ஒரு குரல், கிளிக்கு ஒரு குரல். தம்பி அந்தப் பக்கமிருந்து வரிக்கு வரி "உம்" கொட்டினான். கதை முடிந்ததும், "மாமா, இப்ப கிளம்புங்க" என்று உத்தரவு போட்டாள். டீச்சர் அவளை முன்வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்.

அடுத்து எழுந்த பிள்ளை, தன் மாமா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறார், அவர் கரையேறும் வரை தன்னால் படிக்க முடியாது என்றது. டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் நைசாகக் கழன்றுகொண்டேன்.

அப்புறம் ஒரு மத்தியானம், வேலையில்லாமல் மகளின் புத்தகத்தைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே அரக்கன் குகையை விட்டு வெளியே வந்தான். தம்பி இந்நேரம் தொப்பூரில் இறங்கிக்கொண்டிருப்பான் என்று தோன்றியது. அவன் எனக்குத் தம்பிதான், மாமன் இல்லை. முறைப்படி எனக்கு எந்தத் தடையும் கிடையாது. ஆனாலும் பயமாக இருந்தது. போன் போட்டால் ஓட்டும்போதே எடுத்துத் தொலைப்பான். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.