சாணை பிடித்த இறக்கை

என் அண்ணனுக்கு எப்போதும் வாயைவிடக் கை முந்தும். நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் இறைச்சி ஆலையில் அவனுக்குச் சம்மட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். வெட்டுக்கூடத்தில் எலும்பிலிருந்து கறியைப் பிரிப்பது அவன் வேலை. அதே ஆலையில் கத்திகளுக்குச் சாணை பிடிப்பது என் வேலை. முப்பத்தாறு பேருடைய கத்திகள் ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்பும் என் கைக்கு வந்து போகும். கூர் மழுங்கி மொட்டையான ஒன்றைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. பல்லிடுக்கில் நார் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

சின்ன வயதில் நாங்கள் அடித்துக்கொண்டதற்குக் கணக்கே இல்லை. அவன் என் மண்டையை உடைத்திருக்கிறான். நான் அவன் காதைக் கடித்து நான்கு தையல் போட வைத்திருக்கிறேன். எங்கள் அப்பாவின் முன்கோபக் கை மகன், மகள் என்று பார்க்காமல் இரண்டு பேருக்கும் அப்படியே வந்திருந்தது. எனக்குச் சாணைக்கல் கிடைத்தது, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இரும்பை அழுத்தித் தேய்த்தால் ஆத்திரம் பாதி கரைந்துவிடும். அவனுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆலையில் கண்காணிப்பாளரின் மூக்கை உடைத்து ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்தான். பக்கத்து வீட்டுக்காரரின் கார்க் கண்ணாடியை முழங்கையால் உடைத்தான். வீட்டில் கதவு, சுவர், மின்விசிறி என்று எதுவும் தப்பவில்லை. அண்ணியை மட்டும் அடித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான், என்னவோ பரிசு வாங்கியவன் மாதிரி.

நான்கு வருடத்துக்கு முன் அவன் கடற்கரையில் ஒரு ஆளைப் பார்த்தான். அந்த ஆள் நின்றிருந்த பலகை தண்ணீரைத் தொடவே இல்லை. அதன் அடியில் ஒரு தண்டு, தண்டின் நுனியில் தண்ணீருக்குள்ளே விமானத்துக்கு இருப்பது போல ஒரு இறக்கை. வேகம் பிடித்ததும் இறக்கை பலகையை மேலே தூக்கிவிடும், ஆள் சத்தமில்லாமல் காற்றில் போவான். ஃபாயில் போர்டு என்று பெயர். கடையில் அதன் விலையைக் கேட்டுவிட்டுக் கடைக்காரரை முறைத்துவிட்டு வந்தான். மறுநாளே வீட்டின் பின்னறையைக் காலி செய்தான்.

துணி தேய்க்கிற அறை அது. அதில் தெர்மோகோல் மாதிரியான கட்டிகளை அறுத்துப் பலகை செதுக்கினான். கார்பன் துணியை ரெசின் பசையில் நனைத்து மேலே ஒட்டி, பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரஸரைப் பம்பாக்கிக் காற்றை உறிஞ்சி இறுக்கினான். ரெசின் அளக்க அண்ணியின் சமையலறைத் தராசு போனது. வெள்ளைத் தூள் படுக்கை, சீப்பு, சோறு என்று எல்லாவற்றிலும் கிடந்தது. ஒருமுறை குவளையில் அளவுக்கு மிஞ்சிக் கலந்து, அது சூடேறிப் புகைந்து, அதைச் சன்னல் வழியாக வீச, கீழே காய்ந்த துணிகள் எல்லாம் ரெசின் இறுகிக் கல்லாகிப் போயின. அண்ணி அந்தக் கல் சட்டையை ஒரு வாரம் வாசலிலேயே நிற்க வைத்திருந்தார், வந்து போகிறவர்கள் பார்க்கட்டும் என்று.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். மூன்று மணிக்குக் கடலில் இருப்பான். முதல் வருடம் முழுக்க அடிதான். பலகை எகிறி வந்து புருவத்தைக் கிழித்தது. தண்டு தாடையில் பட்டு முன்பல் ஒன்று போனது. ஒரு அலை அவனைத் தலைகீழாக மணலில் குத்தி விலா எலும்பில் விரிசல் விட்டது. அலைக்கு அவன் சம்மட்டி என்று தெரியாதே. அவன் திருப்பி அடித்தாலும் அதற்கு உறைக்காது. ரத்தமும் உப்புமாக வீட்டுக்கு வருவான், வந்து சத்தமே இல்லாமல் மகளுக்குப் பென்சில் சீவிக்கொடுப்பான்.

ஒன்றைக் கவனித்தேன். கடலில் அடி வாங்கிய நாளில் அவன் எதையும் உடைத்ததில்லை. அண்ணியும் அதைக் கவனித்திருந்தார். அதனால்தான் தராசைப் பற்றிப் பேசாமல் இருந்தார்.

போன வருடம் ஆலையில் வேலை குவிந்து மூன்று வாரம் இரட்டை ஷிப்ட் போட்டார்கள். கடலுக்கு வழியில்லை. மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை, எதற்கென்று யாருக்கும் இப்போது நினைவில்லை, சமையலறையில் அண்ணியின் தலைக்கு ஒரு சாண் தள்ளி அலமாரிக் கதவில் குத்தினான். கதவு பிளந்து, உள்ளே இருந்த கண்ணாடித் தம்ளர்கள் அண்ணியின் தோளில் கொட்டின. ஏழு வயது மகள் மேசையடியில் புகுந்துகொண்டாள். அன்று மாலையே அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

கையில் இரண்டு பையோடு வாசலில் நின்று அவர் என்னிடம்தான் பேசினார்.

"கை என் மேல படாம கதவு மேல பட்டுச்சுன்னு நான் நன்றி சொல்லணுமா? தொண்ணூறு நாள். தொண்ணூறு நாள் உங்க அண்ணன் எதையும் உடைக்காம, யாரையும் அடிக்காம இருக்கட்டும். வந்துடுறேன். ஒரு நாள் தவறினாலும் அவ்வளவுதான், வக்கீல்தான். நீ மாடியில இருக்க, உனக்குத் தெரியாம எதுவும் நடக்காது. நீதான் சாட்சி."

"நான் அவனோட தங்கச்சி அண்ணி."

"இருந்துட்டுப் போ. நீ பொய் சொல்ல மாட்ட."

அப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன். அண்ணன் நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தான். முப்பதாம் நாள் கண்காணிப்பாளர் எல்லோர் முன்னாலும் அவனைக் கேலி செய்தபோது, கத்தியை மேசையில் வைத்துவிட்டுக் குளிர்அறைக்குள் போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தான். தினமும் கடலுக்குப் போனான். நானும் கூடப் போய்க் கரையில் உட்கார்ந்தேன். அவன் விழ விழ எனக்கு நிம்மதியாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அறுபதாம் நாள் வாக்கில் புது இறக்கை ஒன்று செய்தான். என் கை நீளத்துக்கும் அதிகம். அதில் ஒரு குறை. வேகம் பிடித்ததும் தண்ணீருக்குள்ளிருந்து அது கூவியது. கரையில் இருந்த எனக்கே கேட்டது.

"பின் விளிம்பு தடிமனா இருக்கு," என்றான். "லேசா சாய்வா தேச்சா போயிடும். ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

ஆனால் அந்தக் கூவல் அவன் மண்டைக்குள் ஏறிவிட்டது. எழுபதாம் நாள் காலையில் பின்னறையில் இறக்கையோடு பலகையைச் சுவரோரம் சாத்திவைத்துவிட்டு அதையே வெறித்துக்கொண்டிருந்தான். வலது கை மடங்கி மடங்கி விரிந்தது. இன்றைக்கு இவன் இதை உடைப்பான், உடைத்தால் நான் அண்ணியிடம் சொல்லியாக வேண்டும் என்று பயந்தேன். அவன் குளிக்கப் போனதும் திருகுகளைக் கழற்றி இறக்கையை என் ஏப்ரனில் சுற்றி, பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு ஆலைக்கு எடுத்துப் போனேன்.

மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிடும்போது நான் அதன் பின் விளிம்பைப் பார்த்தேன். நாணயத்தின் தடிமன். மொட்டை. லேசாகச் சாய்வாகத் தேய்க்க வேண்டும் என்று அவன் சொன்னது ஞாபகம் இருந்தது. லேசாக என்பது எனக்குத் தெரியாத அளவு. முதலில் சாணை பெல்ட்டில் ஓட்டினேன். பிறகு நைஸ் கல். பிறகு, கை தன்பாட்டில் போய், கத்திக்குக் கடைசிக் கூர் ஏற்றும் தோல்பட்டையை எடுத்தது. முடித்துவிட்டுப் பழக்கத்தில் முன்கையில் வைத்து இழுத்துப் பார்த்தேன். முடி சுத்தமாக மழிந்தது. என் வேலையை நினைத்து எனக்கே சந்தோஷமாக இருந்தது. அன்று அவனுக்குக் கூடுதல் வேலை, கடலுக்குப் போகவில்லை; சாயங்காலம் அவனுக்கு முன்பே வீட்டுக்கு வந்து திருகுகளைப் பூட்டிவிட்டேன். சொல்லவில்லை. கூவாத பலகையில் நாளைக்குப் போகும்போது அவன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

எழுபத்தொன்றாம் நாள். அலை ஆளுயரத்துக்கு வந்துகொண்டிருந்தது. அண்ணன் ஒன்றைப் பிடித்து எழுந்தான், பலகை மேலே வந்தது. கூவல் இல்லை. அவன் குனிந்து இறக்கையைப் பார்த்தான், பிறகு கரைப்பக்கம் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். பல் போன இடம் தெரிந்தது. அந்த ஒரு நொடிக் கவனம் தப்பியதில் விழுந்தான்.

எங்கள் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு விதி சொல்லித் தருவார்கள். கையிலிருந்து கத்தி விழுந்தால் பிடிக்கக்கூடாது. இரண்டு கையையும் தூக்கிவிட்டுப் பின்னால் நகர வேண்டும். அண்ணன் இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரம் கத்தியை நழுவ விட்டிருப்பான், ஒன்றைக்கூடப் பிடித்ததில்லை. தூக்கத்தில் கத்தி விழுந்தாலும் கையைத் தூக்குவான். அன்று அவன் தண்ணீரிலிருந்து தலையை எடுத்தபோது அலை பலகையைக் கவிழ்த்து, இறக்கையை மேலே தூக்கி, அவன் முகத்தைப் பார்த்து வீசியது. அது அவன் செய்த இறக்கை. அவனுக்குத் தெரிந்தவரை மொட்டை. கையை நீட்டிப் பிடித்தான்.

அவனைச் சுற்றி முட்டியளவுத் தண்ணீர் சிவந்தது. நான் ஓடியபோது அவன் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டு எழுந்து நின்றிருந்தான், அடுத்த அலை அவனை முதுகில் அறைந்து மறுபடி கவிழ்த்தது. பிடரியைப் பிடித்து இழுத்தேன். உள்ளங்கை ஒரு புறத்திலிருந்து மறுபுறம் வாய் பிளந்திருந்தது. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது என்னவென்று எங்கள் இருவருக்குமே சொல்லித்தர வேண்டியதில்லை. பலகையை அவன் காலோடு பிணைத்திருந்த கயிற்றை அறுத்து முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டினேன். வலியில் அவன் தலையால் என் நெற்றியில் முட்டினான். நானும் அவன் தோளில் குத்திக் காருக்குள் தள்ளினேன்.

வண்டியை நான் ஓட்டினேன். அவன் கையை உயர்த்திப் பிடித்து, துண்டை விலக்கிக் காயத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். கிழிசல் இல்லை, பிசிறு இல்லை.

"ஏய்," என்றான். "இது உன் கூரு."

"ஆமா."

"எப்ப?"

"நேத்து மத்தியானம்."

"முடி மழிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்திருப்ப."

கண்ணீர் கண்ணை மறைத்தது. "என்னை அடிச்சிடுண்ணே," என்றேன். "இது கணக்குல சேராது. நான் அண்ணிகிட்ட சொல்ல மாட்டேன்."

"வாய மூடிட்டு ஓட்டு. சிவப்பு விழுந்திருக்கு பாரு."

அறுவை சிகிச்சை ஐந்து மணி நேரம் நடந்தது. விரலை மடக்குகிற தசைநாண்கள் நான்கு விரலுக்கும் போயிருந்தன. ஒட்டியிருக்கிறோம், ஆனால் முழுதாக மடங்காது, கத்தி பிடிக்க முடியாது என்றார் மருத்துவர். தாழ்வாரத்தில் அண்ணி வந்து நின்றார். நான் சாட்சி. ஏப்ரனில் சுற்றியதிலிருந்து முடி மழித்தது வரை ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டு முடித்ததும் அண்ணி என் கன்னத்தில் அறைந்தார். வாழ்நாளில் யார் மேலும் கை வைக்காதவர். அந்தத் தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. பிறகு தன் உள்ளங்கையைத் தானே பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதுக்கா உன்னை சாட்சியா வெச்சேன்," என்றார்.

அந்த வாரமே மகளோடு வீட்டுக்கு வந்துவிட்டார். தொண்ணூறைப் பற்றி யாரும் பேசவில்லை. அண்ணனை ஆலையில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். சம்மட்டிக்குப் பிடி கழன்றுவிட்டது என்று சிரித்தார்கள். அவன் வலது கை எப்போதும் கண்ணுக்குத் தெரியாத தம்ளர் ஒன்றைப் பிடித்திருப்பது போலப் பாதி திறந்தே இருந்தது. முஷ்டி பிடிக்க வராது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வீடு நிம்மதியானது. அலமாரிக்குப் புதுக் கதவு வந்தது. அண்ணி சமையலறையில் பாடக்கூடச் செய்தார். தொண்ணூறு நாளில் அவன் செய்ய வேண்டியதை என் சாணை ஒரு மதியத்தில் செய்துவிட்டதாக நான் உள்ளுக்குள் சமாதானம் செய்துகொண்டேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு மாலை. அண்ணன் பின்னறையில் ஒற்றைக் கையால் பலகைக்கு ரெசின் பூசிக்கொண்டிருந்தான். வலது கையில் இடுக்கியிருந்த குவளை நழுவி, விரித்து வைத்த கார்பன் துணி முழுதும் கொட்டியது. இரண்டு வாரச் சம்பாத்தியம் அது.

"அப்பா, கொட்டிடுச்சு," என்றாள் மகள்.

அவன் எழுந்தான். வாசலில் நின்ற அண்ணி மகளை இழுத்துத் தன் பின்னால் விட்டுக்கொண்டார். அவன் இடது கை மூடியிருந்தது. விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. அப்படி ஒரு கை இருப்பதை நாங்கள் எல்லோரும் மறந்தே போயிருந்தோம்.

அவனும் அதைப் பார்த்தான். மூடிய கையைப் பிரிக்காமல், முழங்கையால் மூலையில் தொங்கிய திரையை விலக்கி, சாக்கில் சுற்றிக் கிடந்த அந்தப் பழைய இறக்கையைக் காட்டினான். விபத்துக்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

"மொட்டை ஆக்கு," என்றான் என்னிடம். "இப்பவே. கடலுக்குப் போகணும்."

அரம் எடுத்து வந்தேன். இருபது வருடமாக நான் எதன் கூர்மையையும் கெடுத்ததில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் என் பல் கூசியது, நிறுத்தவில்லை. அவன் இடது முஷ்டியை அக்குளில் அமுக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றான். முடித்ததும் கட்டை விரலை விளிம்பு நெடுகிலும் ஓட்டிப் பார்த்தான்.

"தண்ணியில இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே," என்று சொல்ல வந்தேன். அண்ணி என்னைக் கையமர்த்தினார்.

"போங்க," என்றார் அவனிடம். "இருங்க, நாங்களும் வர்றோம்."

வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பழைய பலகையில் இறக்கையைப் பூட்டி அவன் உள்ளே போனான். வலது கையால் பலகையைப் பிடிக்க முடியவில்லை, எழும்போதெல்லாம் கடல் அவனை அடித்துச் சாய்த்தது. இறக்கை மறுபடி கூவ ஆரம்பித்திருந்தது. ஒருமுறை பலகை அவன் காதோரம் மோதிய சத்தம் கரை வரை கேட்டது. நான் எழுந்தேன்.

"உக்காரு," என்றார் அண்ணி. கண்ணை எடுக்கவில்லை. "எத்தன ஆச்சு?"

"ஒன்பது," என்றாள் மகள்.

"இன்னும் அஞ்சாறு தடவ விழட்டும். அப்புறம் கூப்பிடலாம்."

மகள் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.