மாடு கைமாறும் இடம்

புதுச் சந்தை என்றால் முதல் தடவை நான் வெறுங்கையோடுதான் போவேன். சரக்கு மறுவாரம். என் வீட்டுக்காரருக்கு இது கேலி. "இவ சந்தைக்குப் போகல, பொண்ணு பாக்கப் போறா" என்பார். பார்க்காமல் தலையைக் கொடுத்துவிட்டு அப்புறம் யாரை நோவது?

கற்றாழை நாரில் மாட்டுக்கயிறு திரிப்பது எங்கள் தொழில். முறுக்குவது இருவரும், சாயம் ஏற்றிக் குஞ்சம் கட்டுவது நான். யுத்தத்துக்கு முந்தைய வருஷம், போடியில் எங்களிடம் வாங்கி வந்த கடைக்காரர் மலையாளத்துத் தேங்காய்நார்க் கயிற்றுக்கு மாறிவிட்டார். வீடு நிறையக் கயிறு கிடந்தது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி அந்த நேரம் பார்த்து வாசலுக்கு வந்தார்.

"இந்தக் கயிறு போகலைன்னா நான் மலைக்கு ஏறிருவேன்" என்றார் என் வீட்டுக்காரர். மலைக்குப் போனவர்கள் குளிர்காய்ச்சலோடு இறங்கி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவரை அனுப்ப எனக்கு மனசே இல்லை. சந்தை தேடிக் கிளம்பினேன்.

கடமலைக்குண்டுச் சந்தையில் புளியும் தானியமும் குவிந்து கிடந்தன. மாடு அரிதாகத்தான் கண்ணில் பட்டது. அது வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். சின்னமனூர்ப் பக்கத்து மாட்டுச்சந்தையில் பாதி நாள் நின்றேன். கொம்புக்குக் கொம்பு இடிக்கிற கூட்டம். "இதுதான் நம்ம சந்தை" என்று வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன்.

மறுவாரம் விடியும் முன்பே போய்ச் சந்தை வாசலில் இடம் பிடித்தோம். எந்த மாடு வந்தாலும் எங்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். வந்தவர்கள் கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள், குஞ்சத்தைத் தடவினார்கள், "நல்லாத் திரிச்சிருக்காக" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். பாராட்டை உலையில் போடவா முடியும்? உச்சிப்பொழுது வரைக்கும் நாலு கயிறுகூடப் போகவில்லை. என் வீட்டுக்காரர் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. விற்காத கயிறுகளைத் திரும்பத் திரும்பச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் எடுக்கச் சந்தையின் பின்பக்கம் போனேன். விற்ற மாடுகள் அந்த வழியாகத்தான் வெளியேறும். அங்கே ஒருவர், தான் விற்ற காளையின் கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். வாங்கியவர் பாவம், மேல்துண்டைக் காளையின் கழுத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு தடுமாறினார்.

"கயித்தையும் குடுத்தா என்ன?"

"மாட்டத்தான வித்தேன்? கயித்தோட வீட்டு லட்சுமியும் போயிரும்ல!"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியாதா? எங்கள் கிடேரியை விற்றபோது, கயிறு கேட்ட மனுசனோடு தெருவே கூடும்படி சண்டை போட்டவள் நான்! அப்படிப்பட்டவள், கயிற்றோடு வருகிற மாட்டுக்குக் கயிறு விற்க வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஓடினேன். "ஏங்க, எந்திரிங்க! மூட்டையத் தூக்குங்க!"

"எங்கன?"

"மாடு வெளிய போற எடத்துக்கு!"

துண்டுக்காரர்தான் முதலில் வாங்கினார். அவர் கட்டி முடிப்பதற்குள் அடுத்தவர் கை நீட்டினார். நேரம் போகப் போக இன்ன கயிறு என்று யாரும் கேட்கவே இல்லை, கைக்கு எது கிடைத்ததோ அதைக் கட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. சாயங்காலத்துக்குள் மூட்டை காலி. இன்னும் மூன்று பேர் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூட்டைக்கு அடியில் கொஞ்சம் நார் கிடந்தது. அங்கேயே திரித்துத் தருகிறோம் என்று ஆரம்பித்தோம். நான் நாரைப் பிரித்துக் கொடுக்க அவர் முறுக்கினார். மறுமுனையைப் பிடிக்கத்தான் கை இல்லை.

மலைக்கு ஆள் தேடிச் சந்தைக்கு வந்திருந்த கங்காணி அப்போது எங்களைப் பார்த்துவிட்டார். நேரே என் வீட்டுக்காரரிடம் வந்தார்.

"என்னப்பா, நாளைக்கு ஆளுக ஏறுறாக. வாரியா, இல்லையா?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. முனையைக் கங்காணி பக்கம் நீட்டினார்.

"இங்கனயே ஒரு ஆளு கொறையுது அண்ணே. இதச் செத்தப் பிடிங்க."