பெருங்காய டப்பாவில் ஒரு பாசஞ்சர்

மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறுவது பெருங்காய வாசனை. மூடியைப் பார்த்தாலோ, மலைச்சரிவில் புகை கக்கிக்கொண்டு ஏறும் ஒரு பச்சை ரயில் இன்ஜின். சான்டா கிளாராவில் என் சமையலறை அலமாரியில் இன்றும் இருக்கும் இந்தத் தகர டப்பா, நான் ஆறாவது படித்த வருஷம் சான் ஹோசேயில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டுக்கு வந்து சேர்ந்தது. அத்தாவோடு வேலை பார்த்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர் பெருநாளன்று எங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, அடுத்த வாரமே பதில் மரியாதையாக டப்பா நிறைய பிஸ்கட் கொடுத்தனுப்பினார். (அப்பாவை நாங்கள் அத்தா என்போம், மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம்.) பிஸ்கட் இரண்டே நாளில் காலி. அம்மா டப்பாவைக் கழுவித் துடைத்துப் பெருங்காயத்துக்கு ஒதுக்கிவிட்டார். மூடியின் கீழ் விளிம்பில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தாக, "காசில் கிளாஸ், ஸ்காட்லாந்தின் பாசஞ்சர் இன்ஜின்" என்று போட்டிருந்தது. அந்த "பாசஞ்சர்" என்ற ஒரு சொல்தான் பின்னால் என்னைப் படாதபாடு படுத்தியது.

அந்த வருஷம் எங்கள் டீச்சர், ஆளுக்கொரு இயந்திரத்தின் வரலாற்றை வகுப்பின் முன் ஐந்து நிமிஷம் பேச வேண்டும், நன்றாகப் பேசுபவருக்குப் பரிசு உண்டு என்றார். முந்தின வருஷம் இதே மாதிரி பேச எழுந்து, இரண்டு வாக்கியத்தோடு நிறுத்தி, உட்கார்ந்து மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டவள் நான். அதற்குப் பிறகு நான் எதற்கு எழுந்தாலும் யாராவது ஒருத்தி "எப்போது உட்காரப் போகிறாய்?" என்று கேட்பாள். இந்த முறை தலைகீழாக நின்றாவது முடிக்காமல் உட்காருவதில்லை என்று வீம்பு வந்துவிட்டது. மற்றவர்கள் ராக்கெட், கம்ப்யூட்டர் என்று போக, நான் டப்பாவைத் தேர்ந்தெடுத்தேன். "ஏம்புள்ள, ஸ்கூலுக்கு யாராச்சும் பெருங்காய டப்பாவத் தூக்கிட்டுப் போவாங்களா?" என்று அம்மா சிரித்தார்.

நூலகத்தில் எங்கிருந்தோ ஒரு மெல்லிய புத்தகத்தை வரவழைத்துக் கொடுத்தார்கள். பாதி புரிந்தது. ஸ்காட்லாந்தின் வடக்கே மலைப்பாதைகளில் ஓட்டுவதற்காக முதலில் ஒரு "கூட்ஸ்" இன்ஜினைச் செய்தார்கள். அதை வரைந்த பொறியாளர், சோதனையின்போது கொதிநீர் பட்டுக் கால் வெந்து, பிறகு வேலையை விட்டே போய்விட்டார். அவர் விட்டுப்போன திட்டத்தை அடுத்து வந்தவர் எடுத்து முடித்ததுதான் காசில் கிளாஸ். காசில் என்றால் கோட்டை, ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு கோட்டையின் பெயர். பிரான்சு தேசத்துக்காரர்கள்கூட இதே போல வேண்டுமென்று வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் சரி, "பாசஞ்சர்" இன்ஜின் என்றால் என்ன? அத்தாவைக் கேட்டேன்.

அத்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாசஞ்சர்னா எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கும்மா. ஸ்டேஷன் இல்லாத எடத்துலயும் நிக்கும்" என்று தொடங்கி, குத்தாலம், நரசிங்கம்பேட்டை, ஆடுதுறை, திருவிடைமருதூர் என்று கும்பகோணத்தில் தம் கல்லூரி வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னார். இறங்கி டீ குடித்துவிட்டு ஓடிவந்து ஏறலாமாம். எக்ஸ்பிரஸ் வந்தால் ஓரங்கட்டி வழி விடுமாம். நான் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டேன். "ஸ்காட்லாந்தின் மெதுவான இன்ஜின்" என்று தலைப்பும் வைத்தேன்.

வகுப்பில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வண்டி டீக்காக நிற்கும் இடம் வந்ததும் டீச்சர் என் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். இவை அந்தக் காலத்து வேகமான வண்டிகளையும் இழுத்த இன்ஜின்கள் அல்லவா, பாசஞ்சர் என்றால் ஆட்களை ஏற்றிச்செல்வது என்றுதானே அர்த்தம், மெதுவாகப் போவது என்று யார் சொன்னார்கள் என்று மென்மையாகக் கேட்டார். வகுப்பே சிரித்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை மறுபடியும் பேசுகிறேன்" என்றேன். டீச்சர் சரி என்றார்.

வீட்டுக்கு வந்து அத்தாவிடம் கத்தினேன், அதுவும் இங்கிலீஷில், பொய் சொல்லிவிட்டீர்கள் என்று. "பொய் இல்லம்மா. எங்க ஊர்ல பாசஞ்சர்னா அதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். பொய் என்று நான் சொன்ன அந்தச் சொல்லுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

இரண்டு நாள் புத்தகத்தோடு மல்லுக்கு நின்றேன். கூட்ஸ் இன்ஜினுக்குச் சின்னச் சக்கரம், இழுப்பதற்கு. காசிலுக்குப் பெரிய சக்கரம், ஓடுவதற்கு. இதை விட்டுவிட்டு டீக்கடையில் நின்றிருக்கிறேன்! ஆனாலும் அத்தா சொன்னதை அடித்துவிட மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அவரும் வந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். "என் அப்பாவின் ஊரில் பாசஞ்சர் என்றால் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டி" என்று தொடங்கி, அங்கிருந்து காசில் கிளாஸுக்கு வந்தேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. முடிக்கும் வரை நின்றேன். பரிசு கம்ப்யூட்டருக்குத்தான் போனது. காரில் வரும்போது அத்தா, "நீ உக்காரவே இல்லல்ல" என்று இரண்டு முறை சொன்னார்.

இன்று ஒரு காசில் இன்ஜின்கூட மிச்சமில்லை. அத்தனையும் பழைய இரும்புக்குப் போய்விட்டன. அவற்றுக்கு மூத்த அந்தக் கூட்ஸ் இன்ஜின் ஒன்று மட்டும் கிளாஸ்கோ மியூசியத்தில் நிற்கிறது. இங்கே சான் ஹோசேயிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகும் ரயிலிலும் டீசல் உறுமல் போய், கரண்டில் சத்தமில்லாமல் போகிறது. போன மாதம் ஊருக்குப் போயிருந்த அத்தா போன் பண்ணினார். "இப்ப டிக்கெட்ல பாசஞ்சர்னு போடறதில்லம்மா. எக்ஸ்பிரஸ்னு போடுறான். நிக்கிறதென்னவோ அதே ஸ்டேஷன் அத்தனையும்தான்! ஒங்க டீச்சர்கிட்ட சொல்லிடு" என்று சிரித்தார்.

போனை வைத்துவிட்டு ரசத்துக்காக டப்பாவை எடுத்தேன். கைபட்டுக் கைபட்டு மூடியில் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. அங்கே என்ன எழுதியிருந்தது என்று என் மகள் இங்கிலீஷில் கேட்டாள். "பாசஞ்சர்னு இருந்துச்சு" என்றேன். அப்படியென்றால் என்ன என்றாள்.

"எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கிற வண்டி" என்றேன். அவள் போனில் தேடிப் பார்த்துவிட்டு, தப்பு என்றாள்.

"தப்பில்ல. எங்க அத்தா சொன்னது" என்றேன்.