பௌதியின் இடது முட்டி

எனக்குப் பத்மாசனம் ஏழு வயதிலேயே வந்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காளிகாட் வீட்டில் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போது காலைத் தூக்கித் தொடைமேல் போட்டுக்கொள்வேன், அவ்வளவுதான். ஆனால் ஐம்பது வயதுக்குமேல், சால்ட் லேக்கில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் யோகா வகுப்பு எடுக்க ஆரம்பித்தபோது, அதை நான் உழைத்துச் சம்பாதித்த பட்டம் மாதிரி வைத்துக்கொண்டேன். கால் மடங்காதவர்களைக் கண்டால் சோம்பேறி என்று தோன்றும். தோன்றினால் சொல்லியும் விடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

வகுப்பில் முதலில் சேர்ந்தவர் எங்கள் மேல்மாடி பௌதி. வங்காள மொழியில் பௌதி என்றால் அண்ணி, தாதா என்றால் அண்ணன்; அக்கம்பக்கத்தாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். அறுபதைத் தாண்டியவர். என்னை டீச்சரம்மா என்ற அர்த்தத்தில் ‘திதிமணி’ என்பார். அவர் வீட்டில் மீன் வாங்கினால் தரையில் அரிவாள்மணையைப் போட்டுக் குந்தி உட்கார்ந்து தானே வெட்டுவார். கடையில் வெட்டிய மீனை அவர் மதிப்பதில்லை. நான் மீன் தொடாதவள். ஆனாலும் அவர் வெட்டுவதை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு கையாலும் மீனைப் பிடித்து அலகில் கொடுத்து இழுக்கும்போது துண்டுகள் ஒரே அளவாக விழும். ஒரு மணி நேரம் குந்தியிருந்துவிட்டுக் கையை ஊன்றாமல் எழுந்திருப்பார்.

அதனால்தான் என் புத்தி கெட்டது. இப்படிக் குந்துகிறவருக்குப் பத்மாசனம் எப்படி வராமல் போகும்? மூன்று மாதமாக, “முட்டிக்கு உள்பக்கம் குத்துது திதிமணி” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு குளிர்காலக் காலையில் எனக்குப் பொறுக்கவில்லை.

“மீனுக்கு மடங்குற முட்டி எனக்கு மட்டும் மடங்காதா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!” என்றேன்.

இதே பழமொழி வங்காள மொழியிலும் உண்டு. எல்லோரும் சிரித்தார்கள். பௌதியும் சிரித்தார். அவருடைய வலது காலை ஏற்றி, அதன்மேல் இடது காலை ஏற்றினேன். இடது முட்டி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினேன்.

சொடக்கு எடுத்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது. “ஓ மா” என்றார், அதுவும் மெதுவாக.

முட்டிக்குள் ஜவ்வு கிழிந்திருக்கிறது, இனிமேல் கீழே குந்தவே கூடாது என்றார் டாக்டர். எப்படி ஆயிற்று என்று பௌதியின் மகன் கேட்டபோது, “வயசாச்சு, தேய்ஞ்சுபோச்சு” என்று அவரே பதில் சொன்னார். நானும் அங்கேதான் இருந்தேன். ஆரஞ்சுப் பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், “அவாகிட்ட உண்மையச் சொல்லிட்டியோ?” என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

யோகா ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சிக்குப் போனது அப்புறம்தான். இரண்டு இடுப்பெலும்புகளை மேஜைமேல் வைத்துக் காட்டினார்கள். தொடையெலும்பு உட்காரும் குழி ஒன்றில் முன்பக்கம் பார்த்தது, மற்றதில் பக்கவாட்டில். குந்துவதற்குத் தொடை மேலே மடங்கினால் போதும். பத்மாசனத்துக்கு அது வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். குழி இடம் கொடுக்காவிட்டால் அந்தத் திருகலை முட்டி வாங்கிக்கொள்ளும். பௌதிக்குக் கூடம் நிஜமாகவே கோணலாகத்தான் இருந்திருக்கிறது. எனக்கு வந்ததெல்லாம் என் சாமர்த்தியமும் இல்லை.

இப்போது என் வகுப்பில் நாற்காலி, தலையணை, மடித்த கம்பளி எல்லாம் உண்டு. வலித்தால் நிறுத்துங்கள் என்று நூறு தடவை சொல்கிறேன். பொறுமையான டீச்சர் என்று பெயர் வேறு வந்துவிட்டது. அதை யார் முட்டியில் கற்றுக்கொண்டேன் என்று இப்போது வருகிறவர்கள் ஒருவருக்கும் தெரியாது.

ஒரு வருஷம் கழித்துப் பௌதி திரும்பி வந்தார். கடைசி வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்து கையை மட்டும் தூக்கி இறக்குவார். மீனை இப்போது சந்தையிலேயே வெட்டி வாங்குகிறார்கள்.

போன வாரம், புதிதாகச் சேர்ந்த ஒரு வங்கி அதிகாரி காலை மடிக்கும்போது முகம் சுளித்தார். நான் கம்பளியை எடுத்துக்கொண்டு போவதற்குள் பௌதி பின்னாலிருந்து பேசினார்.

“வலிச்சா உடனே விட்டுடுங்க தாதா. நான் வீட்டுல பழகாம ஒரே நாள்ல அவசரப்பட்டு மடிச்சேன், கெடுத்துக்கிட்டேன். பாவம், திதிமணி ஒழுங்காத்தான் சொல்லிக்குடுத்தாங்க.”

பௌதி என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் அதை நிஜமாகவே நம்பினார். கூடத்தில் பன்னிரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எல்லாரும் கண்ண மூடி மூச்ச உள்ள இழுங்க” என்றேன்.