எண் மட்டுமே இருந்த மலை

நம்பாதவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். இது நடந்தது. போன மாசி மாதம், ரூஜ் நகர்ப்பகுதியில், சாம்பவியின் வீட்டு வரவேற்பறையில். அதுவும் பட்டப்பகலில்.

வடகோடியில், பனி சூழ்ந்த யூகோனில் ஒரு மலை இருக்கிறது. வரைபடத்தில் அதற்கு ஓர் எண் மட்டும்தான். முன்னொரு காலத்தில் நிலம் அளக்கப் போனவர் தன் மேலதிகாரியின் பெயரை அதற்கு வைத்தார். அதே பெயரில் வேறொரு மலை இருந்ததால் பிறகு அழித்துவிட்டார்கள். நாலு குழுக்கள் ஏறப் போயின. நாலும் கடைசி முகட்டோடு திரும்பிவிட்டன. ஐந்தாவதாகப் போனவர்கள் சாம்பவியின் அண்ணன் கிருபனும் அவன் கூட்டாளி யூட்சனும். யூட்சன் மட்டும் திரும்பி வந்தான். அது நடந்து இரண்டு வருடம். கிருபனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

அந்த மலைக்கு அண்ணனின் பெயரை வைத்தே தீருவேன் என்று சாம்பவி நின்றாள். பெயர் வைக்கும் அலுவலகமோ அவளைப் பந்தாடியது. உயிரோடு இருப்பவரின் பெயரை வைக்க மாட்டோம் என்றது. அம்மாவுக்குத் தெரியாமல் நீதிமன்றம் ஏறி மரணச் சான்றிதழ் எடுத்தாள். அடுத்து, அவர் உச்சியைத் தொட்டாரா என்று அலுவலகம் கேட்டது. யூட்சனைப் பிடித்தாள்.

"முகட்டில எனக்கு ஏலாமப் போச்சுது. 'நீ இரு, தொட்டிட்டு வாறன்' எண்டு போனவன். பிறகு ஒரே பனிமூட்டம். காணாததை எப்பிடிச் சொல்லுறது?"

"ஒருக்காப் பொய் சொன்னால் குறைஞ்சே போயிடுவாய்?"

"சொன்னால் உன்ர கொண்ணனே எழும்பி வந்து எனக்கு உதைப்பான்."

அலுவலகத்திலிருந்து கடைசியாக வந்த கடிதம், குடும்பம் அவரை நினைவுகூர்கிறது என்பதற்காவது ஒரு படம் அனுப்பச் சொன்னது. அங்கேதான் அவள் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளாத குறை. அம்மா புனிதவதி மகனின் படத்துக்கு மாலை போட விட்டதே இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை. திவசம் இல்லை.

"உடம்பைக் காட்டு. பிறகு போடுறன்" என்பார்.

அன்று அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். தமிழ்க் கடையில் வாங்கி ஒளித்து வைத்திருந்த சந்தனச் சீவல் மாலையைச் சாம்பவி எடுத்தாள். படத்துக்கு அது நீளம். தொங்கிக்கொண்டு கிடந்தது. எரிச்சலோடு தன் தலையிலிருந்த நீலக் கிளிப்பைக் கழற்றி, மாலையை மடித்து இறுக்கினாள். ஒரு பல் உடைந்த பழைய கிளிப்.

கைபேசியில் படம் எடுத்துப் பார்த்தாள்.

அண்ணன் இருந்தான். மாலை இல்லை.

நிமிர்ந்தாள். சுவரில் மாலை இருந்தது. மறுபடி எடுத்தாள். கைபேசியில் இல்லை.

"சனியன் பிடிச்ச ஃபோன்!"

மூன்றாம் முறை எடுக்கும்போது விரல் விறைத்தது. தெர்மோஸ்டாட் அறைச்சூடு இருபத்திரண்டு பாகை என்று காட்டியது. அவள் வாயிலிருந்து புகை வந்தது.

டக்...

பனிக்கட்டியில் இரும்பு கொத்தும் சத்தம்.

டக்... டக்...

சுவருக்குள்ளே. கீழிருந்து மேலே. படத்தை நோக்கி.

நின்றது.

யாரோ மூச்சு வாங்கினார்கள். அவள் காதோரம்.

"தங்கச்சி..."

அவள் அசையவில்லை.

"...இறுக்குது."

காலுறையோடு வெளியே பனிக்குள் ஓடினாள். கோயிலிலிருந்து வந்த அம்மாதான் அவளைக் கண்டு உள்ளே இழுத்து வந்தார். சுவரில் அண்ணனின் படம் மட்டும் இருந்தது. மாலை இல்லை. கிளிப் இல்லை. படத்துக்குக் கீழிருந்த தட்டில் ஒரு பிடி பனி. அது உருகவில்லை.

அம்மா பனியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"மாலை போட்டனியோ?"

"...ஓம்."

இருவரும் சோபாவைப் புரட்டினார்கள். குப்பையைக் கிளறினார்கள். கிளிப் கிடைக்கவே இல்லை.

ஆடியில் ஆறாவது குழு உச்சியைத் தொட்டது. அங்கே கிருபன் உட்கார்ந்திருந்தான். அதற்குமேல் ஏற இடமில்லை. அடையாளம் காட்டச் சொல்லிப் பொலிஸ்காரர் ஒரு படம் அனுப்பினார்.

கழுத்தில் சந்தனச் சீவல் மாலை. அதில் நீலக் கிளிப். ஒரு பல் இல்லை.

பொலிஸ்காரர் தொலைபேசியில் இன்னொன்றும் சொன்னார். மாலைக்கு மேலே இரண்டு குளிர்காலத்துப் பனி இறுகியிருந்ததாம். கொத்தித்தான் எடுத்தார்களாம்.

சாம்பவி மாலை போட்டதோ ஐந்து மாதம் முன், மாசியில்.

உச்சியும் மாலையும் ஒரே படத்தில். அதை அனுப்பினால் அலுவலகம் இனி எதுவும் கேட்க முடியாது. அண்ணனின் பெயர் கிடைத்துவிடும். அவள் இன்னும் அனுப்பவில்லை. மலைக்கு இப்போதும் எண்தான்.

அம்மா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"கீழ இறக்க முதல் அந்தக் கிளிப்பைக் கழட்டிவிடச் சொல்லு, பிள்ளை. அவனுக்கு இறுக்குதாம்."

அந்தக் குரலைப் பற்றிச் சாம்பவி அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.