சீமை லாரி தெருவுக்குள் வந்த நாள்

எங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பச்சை என்றால் ஒரே பச்சை கிடையாது. சிவகாசியில் பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு வியாதி. காலண்டரில் மயில் கழுத்துக்கு ஒரு பச்சை, கிளிக்கு ஒரு பச்சை, வாழையிலைக்கு வேறொரு பச்சை என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தே பழகியவர்கள். அதனால் மாமாவின் பழைய லாரிக்கு எந்தப் பச்சை அடிப்பது என்று இரண்டு பேரும் வாரக்கணக்கில் சண்டை போட்டார்கள். சாப்பிடும்போது தட்டில் இருக்கிற கீரையைக் காட்டிக்கூடச் சண்டை நடக்கும். நான் அப்போது நாலாம் வகுப்பு.

அது இங்கிலாந்து மாடல் லாரி. உருண்டை மூக்கும், திருதிருவென்று முழிக்கிற மாதிரி இரண்டு விளக்கும் அதற்கு. எங்கள் பக்கத்தில் 'சீமை லாரி' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அவளும் மாமாவும் எங்கள் வீட்டோடுதான் இருந்தார்கள். மாமா தன் அப்பா வைத்துவிட்டுப்போன அந்த லாரியில் தாயில்பட்டிப் பக்கத்துக் கம்பெனிகளில் பட்டாசு லோடு எடுத்துக்கொண்டிருந்தார். புது வண்டி வாங்கச் சொல்லி எல்லோரும் அலுத்துப்போனார்களாம். மனுஷன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லையாம்.

அவர் லோடு எடுத்த கம்பெனிக்குள், பொறி பட்டுவிடும் என்று, எஞ்சினை ஓட்டிக்கொண்டு போக முடியாது. கேட்டிலேயே அணைத்துவிட்டு, உள்ளேயிருந்து ஆள் கூப்பிட்டு, குடோன் வரைக்கும் கையால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரு நாள் மாமா வண்டியைக் கேட்டில் நிறுத்திவிட்டுத் தள்ளுவதற்கு ஆள் கூப்பிடப் போனார். போனவர் திரும்பி வரவில்லை. அன்றைக்கு வெடித்த வெடியில் குடோன் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கேட்டில் நின்ற லாரிக்குக் கண்ணாடி உடைந்ததோடு சரி. நான் அப்போது தவழ்கிற பிள்ளை. எனக்கு மாமா என்றால் சுவரில் மாட்டிய போட்டோ மட்டும்தான். லாரியைக் கொண்டுபோய்ப் பிரஸ்ஸுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் போட்டு, மேலே தார்ப்பாயை மூடிவிட்டார்கள்.

அந்தத் தார்ப்பாயைத் தூக்கியவர்கள் மதுரைக்காரர்கள். பழைய இங்கிலீஷ் கார் வைத்திருக்கிற கூட்டம் ஒன்று, தங்கள் ஊர்வலத்துக்கு நோட்டீஸ் அடிக்க எங்கள் பிரஸ்ஸுக்கு வந்தது. அதில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருந்தார். பின்பக்கம் கை கழுவப் போனவர் லாரியின் மூக்கைப் பார்த்துவிட்டு, ஈரக் கையோடு நின்றுவிட்டார். சின்ன வயதில் இந்த மாதிரி வண்டியில் உப்பு மூட்டை மேல் உட்கார்ந்து தூத்துக்குடியிலிருந்து வந்த கதையை அன்றைக்கே இரண்டு முறை சொன்னார். இந்த ஊர்வலத்தில் இது ஓடியே ஆக வேண்டும் என்றார். அவ்வளவுதான், எங்கள் வீட்டு ஆண்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

சாவி அத்தையிடம் இருந்தது. அப்பா தலையைச் சொறிந்துகொண்டு போய் நின்றார். அத்தை சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"எங்கன வேணாலும் ஓட்டிட்டுப் போங்க தம்பி. நம்ம தெருவுக்குள்ள மட்டும் கொண்டாராதீக."

அப்பா சரி என்றார். சாவி கிடைத்த சந்தோஷத்தில் அவர் எதற்கும் சரி என்றிருப்பார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஷெட்தான். இங்கிலாந்தில் கம்பளிச் சட்டை போட்ட ஒரு தாத்தா இதே எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் வீடியோவைச் சித்தப்பா போனில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை புரியாமல், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அங்கிருந்து கூரியரில் வாஷர் வந்தது. மதுரைக்காரர்கள் டீயைக் குடித்துக்கொண்டு, எந்த வண்டி எந்த மேட்டில் எப்படித் திணறியது என்று இருட்டுகிற வரைக்கும் பேசுவார்கள். பச்சைக்காவது அப்பா கடைசியில் இறங்கி வந்தார். சத்தத்துக்கு இறங்கவில்லை. புது சைலன்சர் போடலாம் என்று மெக்கானிக் சொன்னதற்கு, மச்சான் ஓட்டும்போது என்ன சத்தம் வந்ததோ அதே சத்தம் வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். தேடித் தேடிப் பழையதையே ஒட்ட வைத்தார். அந்தச் சத்தம் வந்த அன்றைக்கு ஷெட்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாராம்.

ஊர்வலத்துக்கு முந்தின வாரம் லாரியை இருக்கன்குடி கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டார்கள். மதுரைக்காரர்களுக்கு எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று உம்மென்று அடுப்படியில் உட்கார்ந்து வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தேன். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அத்தை வடைக்கு எண்ணெய் காய வைத்திருந்தாள்.

அப்போது தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. தெருவுக்குள் வேண்டாம் என்று அக்கா ஏதோ வருத்தத்தில் சொன்னது, மாலையும் பூவுமாக வண்டியைக் கண்ணால் பார்த்தால் மனசு ஆறும் என்று அப்பாவும் சித்தப்பாவும் வழியில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள்.

அத்தை ஒரு அடுப்பை அணைத்தாள். அடுத்த அடுப்பையும் அணைத்தாள். சாமி அலமாரிக்குப் போய், பூவால் விளக்கைக் குளிர வைத்தாள். பின்பக்கம் போய் வாளி நிறையத் தண்ணீர் பிடித்துத் துவைகல் பக்கத்தில் வைத்தாள். மாற்றிக் கட்ட ஒரு சாரத்தையும் துண்டையும் கொடியிலிருந்து எடுத்துக் கல்மேல் போட்டாள். எதிலும் அவசரம் இல்லை, தினமும் செய்கிற வேலை மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் உடம்பில் பட்டாசு மருந்துத் தூளோடு வருகிறவர்கள் நேராகப் பின்பக்கம் போய்க் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள். அந்தச் சட்டைக்கும் நெருப்புக்கும் ஆகாது. ஆனால் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்களுக்கு எதற்கு இதெல்லாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

திரும்பி வந்த அத்தை என்னைப் பார்த்தாள். அணைந்து கிடந்த அடுப்பைப் பார்த்தாள். ஈரக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா வந்து, ஆட்கள் வந்துவிட்டார்களே, யார் அடுப்பை அணைத்தது என்று என் மேல் பாய்ந்தாள். பின்பக்கக் கதவு வழியாக வாளியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அப்பா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தார். அம்மா அவரிடம் மெதுவாக ஏதோ சொன்னாள்.

அப்பா பின்பக்கம் போனார். வாளி முன்னால் நின்றார். சாரத்தைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். பிறகு கோயிலுக்குப் போட்டுப்போன புதுச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, உட்கார்ந்து, அந்தத் தண்ணீர் முழுவதையும் செம்பு செம்பாகத் தலையில் ஊற்றினார். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. சாரத்தைக் கட்டிக்கொண்டு, தலை துவட்டாமல் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"குளிச்சிட்டேன்க்கா. அடுப்பப் பத்த வையி."

அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்பு மறுபடி எரிந்தது. விருந்தாளிகள் எல்லோரும் காத்திருக்க, முதல் இலையை அப்பாவுக்குத்தான் போட்டாள். விடிகாலையில் குளித்த மனுஷன் நட்ட நடுப்பகலில் இன்னொரு குளியல் போட்டுவிட்டு, வந்தவர்களுக்கு முன்னால் சாப்பிட உட்காருகிறாரே என்று எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் கண் சிவந்திருந்ததற்குக் குங்குமம் வழிந்து கண்ணில் பட்டதுதான் காரணம் என்று வைத்துக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்ததும் யாரும் எஞ்சினைக் கிளப்பவில்லை. சித்தப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, அப்பாவும் மதுரைக்காரர்களும் லாரியைத் தள்ளினார்கள். தொப்பி வாத்தியார்கூடத் தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தோள் கொடுத்தார். தெருவைத் தாண்டி, மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம் போன பிறகுதான் கிளப்பினார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எங்கள் லாரி படுத்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். இவ்வளவு நாள் கழற்றிக் கழற்றிப் பூட்டியும் கடைசியில் தள்ளத்தானே வேண்டியிருந்தது என்று வீட்டுக்கு வந்து அத்தையிடமும் சொல்லிச் சிரித்தேன்.

அத்தை என் தலையைத் தடவினாள்.

"இல்ல தாயி. நல்லாத்தான் ஓடுது. அதே சத்தம்."

அப்புறம் ஏன் தள்ளினார்கள் என்று கேட்டேன். அத்தை பின்பக்கம் போய், காலியாகக் கிடந்த வாளியைக் கவிழ்த்து வைத்தாள். அவளுக்கும் பதில் தெரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.