வரிப் படிவத்தில் அக்காவின் லண்டன் முகவரி

கணினி விளையாட்டில் நான் வென்ற வாள்களையும் உடைகளையும் ஒரு வெளிநாட்டு இணையச் சந்தையில் விற்கிறேன். வரிப் படிவம் நிரப்பினால்தான் பணம் தருவோம் என்றார்கள். லுணுகல தேயிலைத் தோட்டத்தில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் வசிக்கும் நான், பதுளையில் டை கட்டிய வரி ஆலோசகர் ஒருவரிடம் போனேன்.

"லுணுகல, ஏழாம் நம்பர் லயமா? வெள்ளக்காரன் சிரிப்பான் தம்பி. வெளிநாட்டுல சொந்தக்காரங்க யாரும் இல்லையா?" என்றார். லண்டனில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவின் முகவரியைப் போட்டு, கட்டணமும் வாங்கிக்கொண்டார் அந்த மேதை.

விற்பவர் வசிக்கும் நாட்டின் வரி அலுவலகத்துக்கு விற்பனை விவரம் போய்விடும் என்பது விதி. மேதைக்கு அது தெரியாது. சில மாதங்களில் அக்கா அழுதுகொண்டே பேசினாள்.

"உன் பேருல வரியாபீஸ் லெட்டர் என் வீட்டுக்கு வந்திருக்குடா. நீ இங்க ஒளிஞ்சிருக்கேன்னு நெனச்சு என் விசாவுல கை வச்சிட்டா?"

நல்லவேளை, நான் இலங்கையில்தான் வசிக்கிறேன் என்பதற்குச் சான்றுகள் அனுப்பியதும் விட்டுவிட்டார்கள். ஆலோசகரோ, "நா யோசனதானே சொன்னேன்" என்று டையைச் சரிசெய்தார்.

இப்போது எந்தப் படிவத்தையும் நானே வாசித்து நிரப்புகிறேன். ஏழாம் நம்பர் லயம் என்றே எழுதுகிறேன். இதுவரை எந்த வெள்ளைக்காரனும் சிரிக்கவில்லை. அந்த முகவரிக்கு வெட்கப்பட்டவர், எங்கள் பக்கத்து லயத்தில் பிறந்து வளர்ந்த அந்த டைக்காரர் மட்டும்தான்.